நண்டின் குட்டைக் கால்

நெசவாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ரம்யா கேட்டபோது, முடியவே முடியாது என்றுதான் சொன்னேன். தறிகளில் பாவு பிணைத்தே பாதி ஆயுள் குனிந்து கிடந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகாவது நிமிர்ந்து உட்கார்ந்து சீரியல் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ரம்யா சங்கத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் வரைகிற பெண், கெட்டிக்காரி. கோபித்துக்கொள்ளாமல் ஒரு படத்தைத் திறந்து காட்டினாள்.

நண்டுக்கால் கரை. எங்கள் முத்தியால்பேட்டையில் மட்டும் நெய்கிற புடவைக் கரை. ஒன்றன்கீழ் ஒன்றாக நண்டுகள் இறங்கிக்கொண்டே இருக்கும். இடது கரையில் எல்லா நண்டும் ஒழுங்கு. வலது கரையில் மட்டும் ஒவ்வொரு நண்டுக்கும் ஒரு கால் குட்டை. ரம்யா அதையும் விடாமல் வரைந்திருந்தாள்.

"அக்கா, நீங்க வுட்ட தப்பக்கூட நான் மாத்தல. அப்படியே வெச்சிருக்கேன்" என்றாள் பெருமையாக.

"நான் வுட்ட தப்பா? யாரு சொன்னது?"

"கோதண்டம் மாமாதான். சங்கத்துல எல்லாருக்கும் தெரியுமே."

அன்றைக்குச் சீரியல் போச்சு. பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல் பாவு. அதில் ஒவ்வொரு இழையும் விழுது என்கிற நூல் கண்ணிகளில் ஒன்றுக்குள் நுழைந்து, அச்சு என்கிற நீளமான சீப்பின் பல்லிடுக்கு வழியாக வெளியே வரும். எந்த இழை எத்தனையாவது வரிசை விழுதில் போகிறது என்பதை வைத்துத்தான் கரையில் நண்டு வருவதும் பூ வருவதும். பாவு நெய்து தீரும்போது இதையெல்லாம் உருவிவிட்டால், மறுபடி முதலிலிருந்து கோர்க்க வேண்டும். அதனால் கடைசிக் கொஞ்சத்தை நெய்யாமல் விட்டுவைப்பார்கள். அந்தப் பழைய நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்ப்பதுதான் பிணைப்பது. முடிச்சு போடக் கூடாது, சீப்பில் சிக்கும். முறுக்கிய பிறகு மெதுவாக இழுத்தால், பழைய இழை போன வழியே புது இழையும் நுழைந்துவிடும்.

எப்படிக் கற்றுக்கொண்டேன் என்றால், என் அத்தையிடம் முழங்கையில் அடி வாங்கிக் கற்றுக்கொண்டேன். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வோம். நெசவுக்காரர் வீடுகளில் விபூதித் தட்டையே எடுத்து நீட்டிவிடுவார்கள். நானோ மாதா கோவில் பெண். நம் பக்கத்துச் சாம்பலும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று, ஒரு சாம்பல் புதனன்று பங்குச் சாமியாரிடம் போய், நெற்றியில் இட்டது போக மிச்சம் கிடைக்குமா என்று கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். அதன் பிறகு பூசையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு இருமல் வந்தது.

இரண்டு கையும் சாம்பலும் நூலுமாக இருக்கும்போதுதான் மூக்கு அரிக்கும். அரிக்காத நாளே கிடையாது. அந்த வீட்டுப் பெண் யாராவது வந்து சொறிந்துவிட வேண்டும். மூக்கைச் சொறிந்துவிடுகிற அளவுக்கு நெருங்கிவிட்டால் பிறகு அவள் என்னிடம் எதை மறைப்பாள்? முத்தியால்பேட்டையில் எந்த மாமியார் எந்த மருமகளுக்குக் குழம்பை அளந்து ஊற்றினாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த மலரில் அதைச் சேர்த்தால் பக்கம் போதாது, ஊரில் அமைதியும் இருக்காது.

எங்களுக்கு மேலே இருந்தவர் முசே லூர்து, சங்கத்து மேற்பார்வையாளர். அவர் அப்பா பிரெஞ்சுக்காரர் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். மகனுக்குப் பட்டாளமும் வாய்க்கவில்லை, பென்ஷனும் வாய்க்கவில்லை. ஒரு வெள்ளைப் பேண்டும், ஐயா என்பதற்குப் பதில் ஊரார் பிரெஞ்சில் கூப்பிடுகிற 'முசே'யும்தான் மிச்சம். அவர் யாரிடமும் ஒரு வேலையைச் செய் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கேள்விதான் கேட்பார். தெருவில் நடந்தபடியே வீடுகளின் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போவார். ஒரு வாசலில் நிற்பார். "எடது மிதிகட்ட அழுவுதே, வீட்ல எண்ணெய் தீந்துபோச்சா?" என்பார். பதிலுக்கு நிற்க மாட்டார். மறுநாள் அந்த மிதிகட்டை அழாது.

இதில் ஒரு சௌகரியம் இருந்தது. மேலிருந்து வருகிற அதிகாரி, "யாரு சொல்லி இதச் செஞ்சீங்க?" என்று அதட்டினால், "யாரும் சொல்லல சார்" என்று மாதா மேல் சத்தியம் செய்யலாம். சத்தியம் பொய்யாகாது.

இனி கோதண்டம் அண்ணனுக்கு வருகிறேன். நண்டுக்கால் கரைக்கு அப்போது இருந்தது ஒரே தறி, அவர் வீட்டில். அவர் அப்பா கோர்த்த வரிசை. அது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை, தறியிலேயேதான் இருந்தது. பாவு தீரத்தீர நான் போய்ப் பிணைத்துவிட்டு வருவேன், அதே வரிசை தொடர்ந்து ஓடும். அண்ணனுக்கு இரண்டு பெருமை. ஒன்று இந்தக் கரை. இன்னொன்று பெத்தாங். இரும்புக் குண்டைத் தூக்கிப் போட்டு விளையாடுவார்களே, அந்த ஆட்டம். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவினால் அவர் கால் தானாக மைதானத்துக்குப் போகும். இரண்டிலும் அவரை யாரும் குறை சொல்லக் கூடாது. சொன்னால் எழுந்து போய்விடுவார். கல்யாணப் பந்தியிலிருந்துகூட எழுந்து போயிருக்கிறார், ரசத்தில் உப்பு இருக்கிறது என்று இவர் சொன்னதை ஒருவர் இல்லை என்று சொன்னதற்காக.

அவருக்கு ஒரு தம்பி, சேகர். வெளியூரிலிருந்து கடற்கரை பார்க்க வருகிறவர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறவன். சொத்துப் பிரிந்தபோது தெருவைப் பார்த்த முன்கூடம் அவன் பங்குக்குப் போனது. அங்கேதான் தறி, தரையில் குழி தோண்டி இறக்கிய குழித்தறி. சேகருக்கு அந்த இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்த வேண்டும். கெட்டவன் இல்லை, அவன் பிழைப்பு அவனுக்கு. தாய்மாமன் முன்னால் பேச்சு நடந்தது. தறியில் இருக்கிற பாவு தீரும்வரை தறி இருக்கட்டும், தீர்ந்ததும் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்று முடிவானது.

கோதண்டம் அண்ணன் அதோடு விட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. "பாவு தீந்த அன்னிக்கே எழய எல்லாம் உருவிடறேன். அச்சையும் விழுதையும் பரண்ல போட்டுடறேன். சங்கத்துக்கும் தரமாட்டேன், எவனுக்கும் தரமாட்டேன். எங்கப்பா கர எங்கூடவே போவட்டும்" என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள். உருவிவிட்டால் அத்தோடு நண்டு முடிந்தது. எனக்கு என் அப்பா வீட்டுச் சொத்து போவதுபோல் அப்படி ஒரு துக்கம்.

அவர் மனைவி கஸ்தூரி அண்ணி சங்கத்துக்கே வந்து அழுதாள். முசே கண்ணாடியைத் துடைத்தார். "ஏன் பிலோமினா, கோதண்டம் கடலூருக்குக் கல்யாணத்துக்குப் போறானாமே, திரும்பி வர ரெண்டு நாள் ஆவுமா?" என்றார். பிறகு மூலையில் இருந்த புதுப் பாவைப் பார்த்து, "இந்தப் பாவு யாருக்குன்னு யாராச்சும் எழுதி வெச்சீங்களா?" என்றார். எழுதி வைக்கவில்லை. அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

அண்ணிக்கு அன்று பார்த்துத் தலைவலி, கல்யாணத்துக்குப் போகவில்லை. நான் புதுப் பாவோடு போய் உட்கார்ந்துவிட்டேன். தறியில் பழைய பாவு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அண்ணன் ஊரிலிருந்து வருவதற்குள் கடைசி இழைவரை பிணைத்து, இழுத்து, இறுக்கிக் கட்டிவிட்டேன். என் மூக்கு அந்த இரண்டு நாளில் அரித்த மாதிரி வேறு எப்போதும் அரித்ததில்லை.

திரும்பி வந்த அண்ணன் தறியைப் பார்த்துக் குதித்தார். "மாமன் முன்னால குடுத்த வாக்கு என்னா ஆவறது?" சேகரும் வந்து குதித்தான். அண்ணனும் தம்பியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

"அக்கா, பாவு தீந்தா காலி பண்ணணும்னுதான பேச்சு? புதுப் பாவ ஏத்திட்டு நிக்கறியே!"

"புதுசு எங்கேப்பா? பழசோட நுனியிலதான தொங்குது? தீந்தாத்தான புதுசு."

"இது ஏமாத்து வேல!"

"மாமாவக் கூப்புடு. அவரு சொல்லட்டும்."

மாமன் வந்தார். அவரும் நெசவுக்காரர். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பாவின் மேல் விரலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். "டேய் சேகர், இதுல எங்கடா முடிச்சு? எங்க முடிஞ்சுது, எங்க ஆரம்பிச்சுதுன்னு நீ காட்டு பாப்போம்" என்றார். சேகர் குனிந்து தேடினான், தெரியவில்லை. கோதண்டம் அண்ணனும் தன்னை அறியாமல் குனிந்து தேடினார். அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் காட்டவில்லை. "அப்ப பாவு தீரல" என்று மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. சாம்பலும் கையுமாக வாயைப் பொத்தியதில் மீசை வந்துவிட்டது.

சேகர் போகும்போது, "அடுத்த தடவ இந்த அக்கா என் வாசல்படி ஏறட்டும், பாத்துக்கறேன்" என்றான். முசேவிடம் வந்து சொன்னேன். "ஒரே வேல ரெண்டு தடவ பலிக்குமா?" என்று கேட்டார். பலிக்காதுதான். அப்படியென்றால் இந்தப் பாவு ஓடுகிறபோதே வரிசையைப் பார்த்து இன்னொரு அச்சிலும் விழுதிலும் கோர்த்துவிட வேண்டும். சங்கத்துக் கொட்டகையில் ஒரு தறி சும்மா கிடந்தது.

அண்ணன் பெத்தாங் ஆடப் போகிற மத்தியானங்களில் வேலை நடந்தது. காலி அச்சையும் விழுதையும் புடவையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வருகிறவள்போல் பின்கட்டு வழியாகப் போவேன். முன்வாசல்படியைத்தானே சேகர் ஏறக் கூடாது என்றான்? அண்ணி தறியில் ஒவ்வொரு இழையாகத் தூக்கிப் பார்த்து, அது எத்தனையாவது விழுது என்று கூப்பிடுவாள். ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு. நான் கொக்கியால் ஒரு துண்டு இழையை அதே விழுதில் வாங்கிக் கோர்ப்பேன். இடது கரை முடிந்தது. நடு உடல் வெறும் வெற்று நெசவு, அது சுலபமாக ஓடிவிட்டது. வலது கரை மட்டும் பாக்கி.

அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மழையில் எவன் பெத்தாங் ஆடுவான்? கையில் குண்டுப் பையோடு, சொட்டச் சொட்ட, கோதண்டம் அண்ணன் கதவில் நின்றார்.

"நூலு சிக்கு எடுக்கறோம்" என்றாள் அண்ணி.

அவர் தறியைப் பார்த்தார். என் மடியில் கிடந்த அச்சைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். அந்தக் கையால் எல்லாவற்றையும் பிடுங்கிச் சாக்கடையில் வீசப் போகிறார் என்று நினைத்து, நான் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர் வந்து அண்ணியின் தோளைத் தட்டினார்.

"நவுரு. நீ கூப்புட்டா தப்பா கூப்புடுவ."

உட்கார்ந்து அவரே கூப்பிட ஆரம்பித்தார். ஒரு ராகம்கூட இருந்தது அதில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன மனுஷன் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள், மூன்று என்று வர வேண்டிய இடத்தில் "ரெண்டு" என்றார்.

என் கொக்கி நின்றது. வலது கரை இடது கரையை அப்படியே திருப்பிப் போட்டதுதான், வேறொன்றும் இல்லை. அங்கே மூன்று என்று நானே கோர்த்திருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் கூரையில் பல்லியைத் தேடிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றேதான் சொல்கிறார் என்று புரிந்துவிட்டது. சங்கத்துத் தறியில் வருகிற நண்டு தன் அப்பா நண்டுக்குச் சமமாக இருக்கக் கூடாது.

"அண்ணே, மூணு இல்லியா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். எழுந்துவிடுவார். எழுந்தால் தறியையும் உருவுவார், என் மடியில் இருப்பதையும் உருவுவார். பாதி நண்டோடு நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு கால் போனால் போகட்டும், நண்டு வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டாவது விழுதிலேயே வாங்கினேன். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் ஒழுங்காகக் கூப்பிட்டார்.

கொட்டகைக்கு வந்ததும் அந்த ஒரு இழையை மாற்றிவிடக் கொக்கியை எடுத்தேன். சின்ன வேலைதான். முசே பக்கத்தில் வந்து நின்றார்.

"இது நீயா வாங்கினதா, அவன் கூப்புட்டதா?"

"அவரு கூப்புட்டதுதான் முசே. வேணும்னே."

"அப்ப அவன்தான வந்து சரி பண்ணணும்?" கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "ஒரு எழ தப்பா ஓடற தறி பக்கத்துத் தெருவுல இருந்தா, நெசவுக்காரனுக்குச் சோறு எறங்குமா பிலோமினா?"

நான் கொக்கியைக் கீழே வைத்துவிட்டேன்.

பாவு தீர்ந்தது. கோதண்டம் அண்ணன் சொன்னபடியே தன் தறியை உருவினார். அச்சும் விழுதும் பரணுக்குப் போயின. சேகர் குழியை மூடிச் சிமெண்டு போட்டு ஸ்கூட்டர்களை நிறுத்தினான். இனி தறியில் கால் வைக்க மாட்டேன் என்று அண்ணன் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லிக்கொண்டே கொட்டகை ஜன்னலுக்கு வந்துவிட்டார். எங்கள் தறியில் அப்போது நெய்துகொண்டிருந்தவன் பாவம், நல்ல பையன். ஜன்னல் வழியாக அவனுக்குத் தினம் அர்ச்சனை. இழுப்பு சரியில்லை, அடி சரியில்லை, உட்காருவதே சரியில்லை. நண்டின் குட்டைக் காலைப் பற்றி மட்டும் பேச மாட்டார். கண் மட்டும் வலது கரையிலேயே இருக்கும். ஒருநாள் உள்ளே வந்து, "நவுரு" என்றார்.

அவ்வளவுதான். அன்று உட்கார்ந்தவர் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. அந்தக் கரையை இன்னும் மூன்று பேருக்குக் கைவரும்படி செய்ததும் அவர்தான். ஆனால் அந்த இழையை மாற்றச் சொல்ல வேண்டும் என்றால், தான் பொய்யாகக் கூப்பிட்டதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவர் பிறக்கவில்லை. புதுப் பாவு வரும்போதெல்லாம் நான் பிணைக்கப் போவேன். வலது கரையில் அந்த இழைக்கு வந்ததும் கையை நிறுத்திக்கொண்டு அவரைப் பார்ப்பேன். அவர் பல்லி தேடுவார். கொட்டகையில் தகரக் கூரை, பல்லியே கிடையாது. நான் பெருமூச்சு விட்டுப் பிணைத்துவிட்டு வருவேன். நான் ஓய்வு பெறும்வரை இப்படியேதான் ஓடியது.

இதைத்தான் ரம்யாவிடம், நான் விட்ட தப்பு என்று சொல்லியிருக்கிறார்.

விடுவேனா? பழைய கொக்கியைப் பையில் போட்டுக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனேன்.

"ஏண்ணே, நான் வுட்ட தப்பாமே?"

தறி நிற்கவில்லை. "பின்ன? கொக்கி யாரு கையில இருந்துச்சு?"

"கூப்புட்டது யாரு?"

"கெணத்துல குதின்னு கூப்புட்டா குதிச்சிடுவியா? எடது பக்கம் நண்டு நல்லாத்தான இருந்துச்சு. பாத்து வாங்கறதுக்கு என்னா?"

அப்படியென்றால், எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அன்றைக்கே தெரியும்! அவரே குறுக்கு நூல் நாடாவை ஓட்டிக்கொண்டு சொன்னார்.

"நீ வாயத் தொறப்ப, எழுந்து போயிடலாம்னுதான் பாத்தேன். நீ எங்க தொறந்த? கம்முனு வாங்கிட்ட. கடசி வரிக்கும் கூப்புட்டுத் தொலைய வேண்டியதாப் போச்சி."

சொன்ன குரலில் கோபம் இல்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? பையிலிருந்து கொக்கியை எடுத்தேன்.

"சரிண்ணே. போனது போவட்டும். ஒரு நிமிஷம் நிறுத்துங்க, அந்த எழய மாத்திவுட்டுட்டுப் போயிடறேன். நண்டு நல்லா நடக்கட்டும்."

தறி நின்றது. வலது கரையின் மேல் உள்ளங்கையை அகல வைத்து மூடிக்கொண்டார்.

"தொட்டுப் பாரு. நாளைலேருந்து நான் வரமாட்டேன்."

கொக்கியை மறுபடி பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ரம்யா கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்து, "என்னக்கா, கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேம்மா. என் தப்புதான். நீ வரைஞ்சது அப்படியே இருக்கட்டும்."

கோதண்டம் அண்ணனுக்கு மலர் படிக்கிற வழக்கம் இல்லை. கஸ்தூரி அண்ணிக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். இதை அவருக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள். நாளைக்கு அவர் தறிக்கு வர வேண்டும்.